தங்கல்

கனகராயன் ஆற்று மணல்
மூன்று அரிதட்டுக்குள்ளால் விழுந்து
மிஞ்சியது இரண்டரை வாளி.
ஒன்றரை வருடமாக அதற்குள்தான் இருக்கிறேன்.

மேலிருந்து மணல் விழும்.
கீழிருந்து காற்று ஏறும்.
நடுவில், ஆளுயரப் பேர்ஸ்பெக்ஸ் குழாய்க்குள்
பீ.வீ.சி. பைப்பை அரிந்தெடுத்த வளையங்கள்
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு,
கொட்டினபோது எப்படி விழுந்தனவோ அப்படியே.
விழுகிறதும் ஏறுகிறதும்
இந்த நெரிசலுக்குள் உரசி
சூட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதற்கென்று கேட்கிறவர்களை
மாசியில் ஏ-ஒன்பதுக்குக் கூட்டிப் போவேன்.
பரந்தனிலிருந்து முறிகண்டி வரை
அரை வீதி நெல்.
லொறிச் சில்லு ஏறின நெல்,
மாடு வாய்வைத்த நெல்,
வானம் இருண்டால் படங்கு தேடி ஓடுகிற சனம்.
மில்லுப் புகைபோக்கியிலோ
உமி எரிந்த சூடு சும்மா மேலே போகிறது.
அதை மணல் வாங்கி நெல்லுக்குக் கொடுக்கட்டும் என்று
மில்லுக்காரர் கனகரெத்தினத்துக்கு
ஒரு தாளில் கீறிக் காட்டினேன்.
"கீறினது வடிவாய்க் கிடக்கு,
எத்தினை அடி உயரம் வேணும்?"

அறிவியல் நகரில் உட்கார்ந்து
அந்த அடியைத்தான் கணிக்கிறேன்.
குழாய்க்குள் ஒரே நேரத்தில் இரண்டு கோடி மணி,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் போக
என்னுடைய கணினிக்கு ஆயுள் காணாது.
ஆகவே சராசரி.
ஒரு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு மணல், இவ்வளவு காற்று,
ஒன்று மற்றதை இழுக்கிற விசை,
வளையத்தில் மோதி இழக்கிற வேகம்.
நகர்ந்துகொண்டிருப்பதற்கு இயங்கு தங்கல் என்று பெயர்.
வளையத்தின் முதுகிலும்
இரண்டு வளையம் தொடுகிற மூலையிலும்
நின்றுவிட்டதற்கு
நிலைத் தங்கல்.

கணிப்பு: இருநூற்றுப் பதினான்கு கிராம்.
ஜெனிற்றா நிறுத்து எழுதியது: நூற்றைம்பத்தெட்டு.
திரும்பவும்: நூற்றறுபத்தொன்று, நூற்றைம்பத்தேழு.
பிழையென்றால் இவ்வளவு ஒழுங்காகப் பிழைக்குமா?
அமுக்கமானியில் கேக்குக்குப் போடுகிற சிவப்பு
ஏறி இறங்கி என்னைப் பார்த்தது.
நான்கு மாதம் இழுவைக் குணகத்தைத் திருகினேன்,
கோடு புள்ளிகளுக்குள்ளால் போகுமட்டும்.

அன்றைக்குக் கரண்ட் போனது.
ஊதி மூச்சை விட்டு நின்றது.
ஆய்வுகூடத்தில் அப்படியொரு அமைதியை
முதல்தரம் கேட்டேன். அதற்குள்ளே
டக், டக், டக், டக்.

"என்ன செய்யிறீங்கள், ஜெனிற்றா?"
"தட்டிவிடுறன் மிஸ்."
விரலில் மோதிரம்.
"எப்பவுமோ?"
"ஓம், நாலு தட்டு, கீழ்க்கதவு பூட்ட முதல்.
அடைஞ்சு நிக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது.
நான் கனக்க வரிசையில நிண்டனான்,
பின்னால ஆரும் ஒருக்கா அசைஞ்சாத்தான்
முன்னால நகரும்."

கோபம் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது.
நாற்பத்தொரு அளவீடு.
கரண்ட் வந்ததும் தட்டாமல் எடுத்தோம்,
அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்:
இருநூற்றுப் பத்தொன்பது.
சரியாக இருந்த சமன்பாட்டை
நான்கு மாதம் உட்கார்ந்து பிழையாக்கியிருக்கிறேன்.

பழைய குணகத்தைத் திரும்பப் போட்டேன்.
பிறகு மில்லுக்குப் போனேன், உயரம் சொல்ல.
உமி நீக்கி ஓடுகிறபோது
கனகரெத்தினம் தந்த பிளேன்ரீ
கோப்பைக்குள் வட்டம் வட்டமாக நடுங்கியது.
சீமெந்துத் தரை காலுக்குள்ளால் அதிர்ந்தது.
இங்கே வைக்கிற குழாயை
நாள் முழுக்க ஆரோ தட்டிக்கொண்டேயிருப்பார்கள்.
உயரம் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

கொப்பியில் புதிதாக ஒரு நிரல்: தட்டு.
பூச்சியம், நாலு, எட்டு.
"எவ்வளவு பலமா எண்டு எழுதேல்லையே" என்றாள்.
தராசைத் தூக்கி வைத்தேன்.
தட்டுங்கோ என்றேன், எப்பவும் தட்டுகிற மாதிரி.
தட்டினாள்.
எண்கள் ஏறி, விழுந்து, ஏறி,
ஓரிடத்திலும் நிற்கவில்லை.